பாரிசவாதமும் கைப்பழக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

மூளையின் குருதிக்குழாய் அடைபடுதலாலோ வெடித்தலாலோ உடலின் ஒரு பாதி வலியிழத்தலைப் பாரிசவாதம் என்பர். இந்நோயுற்றார் சிலரிடத்து ஒரு விந்தையைக் காணலாம். வைத்தியர் கேட்பின் நலிந்த கையை ஓரளவு உயர்த்துவர். விரல்களையும் சிறிது விரிப்பர். ஆயின், வீடு திரும்பியதும் சட்டைப் பொத்தானைப் பூட்டுதல், கதவைத் திறத்தல், செம்பை எடுத்தல் ஆகிய யாவற்றையும் நல்ல கை ஒன்றே செய்யும். மற்றைய கை மடியிற் கிடக்கும். செய்யவல்ல கை செய்யாது கிடப்பது ஏன்? இவ்வினாவின் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. அதனைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1895 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த மொற், செறிங்டன் என்னும் அறிஞர் இருவர் தம் ஆராய்ச்சி முடிபொன்றை வெளியிட்டனர். குரங்கின் ஒரு கையிலிருந்து முண்ணாணுக்கு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களை அவர்கள் அறுத்தனர். தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதுறவில்லை. எனினும், குரங்கு அக்கையால் எதனையும் பற்றவில்லை. உணர்ச்சி இன்றேல் விரும்பிச் செய்யும் இயக்கமும் இன்று என அவர்கள் கருதினர். செறிங்டன் 1932 இல் நோபெற் பரிசு பெற்ற பேரறிஞர். அவர் கருத்து நெடுங்காலம் நிலைபெற்றது.

அதற்கு மாறான சான்றுகளும் இல்லாமற் போகவில்லை. 1909 இல் ஜேர்மானிய அறிஞர் முங்க், நல்ல கையைக் கட்டிவைத்தால் உணர்ச்சியற்ற கையையும் குரங்கு பயன்படுத்தும் எனக் காட்டினார். 1917 இல் அமெரிக்காவில் ஒக்டன், பிரான்சு என்போர் மூளையிற் பழுது செய்யப்பட்ட குரங்குகளின் நல்ல கையைக் கட்டி, நலிந்த கையைப் பழக்கி, அது நன்கு தேறியதைக் கண்டனர். எனினும், இக்கண்டுபிடிப்புக்கள் பல்லாண்டுகளாக நோயாளரின் படுக்கையை எட்டவில்லை.

இவ்வினாவை 1950களின் பிற்பகுதி தொட்டு மீண்டும் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளரான எட்வேட் டௌப். அவர் தந்த விளக்கம் எளிமையானது. பழுதுற்ற தொடக்கத்தில் விலங்கு கையை அசைக்க முயன்று தோற்கின்றது. எஞ்சிய உறுப்புக்களாற் காரியம் முடிகின்றது. ஆகவே, அக்கையை விட்டுவிடப் பழகுகின்றது. பின்னர் ஆற்றல் ஓரளவு மீண்டபோதும், பழகிய பழக்கம் மாறுவதில்லை. இதனையே அவர் 'கற்ற பயன்படுத்தாமை' என்றார். நல்ல கையை ஓரிரு நாட் கட்டி அவிழ்ப்பின் குரங்கு பழைய நிலைக்குத் திரும்பியது. ஒரு கிழமையோ அதற்கு மேலோ கட்டிவைப்பின் புதிய பழக்கம் நிலைத்தது.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு கரிய பக்கமும் உண்டு. 1981 இல் மேரிலாந்து மாநிலத்துச் சில்வர் சிப்பிரிங்கில் இருந்த டௌபின் ஆய்வுகூடத்திலிருந்து 17 குரங்குகளைப் பொலிசார் கைப்பற்றினர். அவர்மீது வந்த தீர்ப்புக்கள் மேன்முறையீட்டில் நீங்கின. எனினும், ஆய்வு விலங்குகளைப் பேணும் அமெரிக்கச் சட்டம் 1985 இல் திருத்தப்பட்டமைக்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. மனிதர் பெற்ற நன்மைக்கு வாயில்லாச் சீவன்கள் கொடுத்த விலையை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது.

1980களில் அற்லாந்தாவில் வூல்வ் என்பார் இம்முறையை நோயாளரிடத்துக் கையாண்டார். 1993 இல் டௌபும் அவர்தம் குழுவினரும், நோயுற்று ஓராண்டுக்கு மேற்பட்டோரின் நல்ல கையை விழித்திருக்கும் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, பதினான்கு நாள் கட்டுப்படுத்தி, அவற்றுட் பத்து நாள் நாடோறும் ஆறு மணி நேரம் நலிந்த கையைப் பயிற்றிய முடிபுகளை வெளியிட்டனர். கை எத்துணை வலிமை பெற்றது என்பதோடு, வீட்டில் அன்றாடம் எத்துணைப் பயன்பட்டது என்பதையும் அவர்கள் அளந்தனர். நோயுற்று மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரை ஏழு நிலையங்களில் ஆராய்ந்து 2006 இல் வெளியான முடிபு, வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றோரினும் இப்பயிற்சி பெற்றோர் மேம்பட்டதையும், அம்மேம்பாடு ஓராண்டின் பின்னும் நிலைத்ததையும் காட்டியது.

ஆயின், மணிக்கட்டும் விரல்களும் சிறிதேனும் அசைவோர்க்கே இம்முறை ஏற்றது. முற்றாகச் செயலிழந்த கைக்கு அன்று. நோயுற்ற சின்னாட்களிலேயே கடும் பயிற்சி அளித்தல் பயன் குறைவாகவும் முடியலாம் என 2009 இல் வெளியான ஓர் ஆய்வு உணர்த்தியது. ஆதலின், வைத்தியர் அறிவுரையின்றி வீட்டிற் கையைக் கட்டுதல் தகாது.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? நரம்பின் குறை என்று எண்ணியதில் ஒரு பகுதி பழக்கத்தின் குறையாயிருந்தது. அப்பழக்கத்தை வளர்ப்பதில் அன்புக்கும் பங்குண்டு. தந்தையின் பொத்தானை மகன் விரைந்து பூட்டுகின்றான். தாயின் கைக்கு எட்டுமுன் மகள் செம்பை எடுத்துக் கொடுக்கின்றாள். செய்ய இயலாததைச் செய்து கொடுப்பது கடமையே. இயலுவதை அவர் தாமே செய்து முடிக்கும்வரை அருகிருந்து பொறுத்திருத்தலும் அதற்குக் குறைந்த பணிவிடையன்று.