அழிக்காமல் விட்ட ஒன்று

சிலேட்டுக் காலத்தில் நான் ஒரு முறை குட்டு வாங்கியிருக்கிறேன். நூறிலே இரண்டு போனால் எவ்வளவு என்று வாத்தியார் கேட்டார். சிலேட்டில் 100 என்று எழுதியிருந்தேன். கடைசி இரண்டு பூஜ்யங்களை மட்டும் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, அந்த இடத்தில் 98 என்று எழுதினேன். முன்னால் நின்ற ஒன்றை அழிக்க மறந்து போனேன். கழித்தல் கணக்கில் 198 விடை கண்ட மேதாவியைப் பார்த்து வகுப்பு முழுவதும் சிரித்தது.

இதே தவறுதான் 2017-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்ப வைத்தது என்றால், நேயர்கள் நம்புவது சிரமம். சரித்திரம் நம்பும்படியாகத்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே!

கம்ப்யூட்டரைக் கட்டியாளும் இயங்குதளத்துக்கு உட்கரு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'கெர்னல்' என்பார்கள்; கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று அர்த்தம். மற்ற நிரல்களெல்லாம் திண்ணையில் நின்று கேட்டு வாங்கிப் போகிறவை. இது மட்டும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு முழுவதும் நடமாடுவது. வேகம் கருதி, கம்பி வழியே வரும் வெளியார் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையையும் சில சமயம் இதனிடமே விட்டு விடுகிறார்கள். மைக்ரோசாப்டின் விண்டோஸும் அப்படித்தான் செய்திருந்தது.

ஒரு காலத்தில் மைக்ரோசாப்டும் ஐ.பி.எம்.மும் கூட்டுக் குடித்தனம் நடத்தின. அந்தக் குடித்தனத்தில் 1987-ல் வெளிவந்த பிள்ளைதான் ஓ.எஸ்.2 என்ற இயங்குதளம். பிறகு குடித்தனம் பிரிந்தது, பிள்ளையும் சோபிக்கவில்லை. ஆனால் ஃபைல்களைப் பற்றி அது எழுதும் துணைக்குறிப்புகளின் பட்டியலை விண்டோஸ் பாணிக்கு மாற்றித் தரும் சின்னஞ்சிறு பகுதி மட்டும் விண்டோஸின் கெர்னலுக்குள் தங்கிவிட்டது. செத்துப் போன உறவினருக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பதற்கென்று ஓர் ஆள் வைத்திருப்பது போல!

பட்டியலின் நீளம் நான்கு பைட் அகலமுள்ள கட்டத்தில் இருக்கும். நடுவில் கெட்டுப்போன குறிப்பு ஒன்று தென்பட்டால், அதற்கு முன்னோடு நிறுத்திக்கொண்டு நீளத்தைக் குறைத்து எழுத வேண்டும். நம் ஆள் எழுதினான். ஆனால் கடைசி இரண்டு பைட்டை மட்டும் மாற்றி எழுதினான். 65,536 என்று வந்த நீளம் 65,373 ஆகக் குறைய வேண்டியது, 1,30,909 ஆகப் பெருகிவிட்டது. என் சிலேட்டேதான்!

இடம் ஒதுக்கியது சிறிய கணக்குப்படி. கொட்டியது பெரிய கணக்குப்படி. ஒரு படிப் பானையில் இரண்டு படி அரிசியைக் கொட்டினால் மிச்சம் எங்கே போகும்? இந்த நிரல் எழுதப்பட்ட சி மொழி, பானை எவ்வளவு கொள்ளும் என்று கேட்பதில்லை. கொட்டு என்றால் கொட்டும். சிந்துவது எது என்பதைக் கடிதம் அனுப்பியவனே தீர்மானிக்கலாம் என்பதுதான் விபரீதம். அவன் அரிசியையா சிந்துவான்? கட்டளைகளைச் சிந்தினான். கடவுச்சொல்லே கேட்காமல் சாவிக்கொத்து கைமாறியது.

இதைக் கண்டுகொண்டவர்கள் வாய் திறக்கவில்லை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து திருடு போன ஆயுதம் இது என்று மைக்ரோசாப்டின் பிராட் ஸ்மித் பின்னர் பகிரங்கமாகவே எழுதினார். ஆயுதத்தின் பெயர் 'எடர்னல் புளூ'. ஷேடோ புரோக்கர்ஸ் என்ற மர்மக் கூட்டம் அதை 2017 ஏப்ரல் 14-ந் தேதி, பெரிய வெள்ளியன்று, உலகத்தார் எடுத்துக்கொள்ளும்படி வீதியில் வைத்தது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் மைக்ரோசாப்ட் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. ஒன்றை அழிக்க மறந்தவனை என்னால் மன்னிக்க முடிகிறது; நானும் அந்த ஜாதிதான். அது நிற்பதைப் பார்த்தும், நமக்கு உபயோகப்படும் என்று பேசாமல் இருந்தவர்கள் விஷயம் வேறு.

மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாகிரை' என்ற புழு அந்த ஓட்டை வழியே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவி, ஃபைல்களைப் பூட்டி, 300 டாலர் கொடு என்று கேட்டது. இங்கிலாந்தின் பொது ஆஸ்பத்திரிகளை நடத்தும் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 சங்கடத்தில் மாட்டின. திருத்தம் கையில் இருந்தும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் நோயாளி படுத்திருக்கும் யந்திரத்தை எந்த நேரம் பார்த்து நிறுத்துவது என்றும் யோசிக்க வேண்டுமல்லவா?

அன்றைக்கே புழுவை அடக்கியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கிலேய இளைஞர். அர்த்தமில்லாத ஒரு நீண்ட இணைய விலாசத்தைப் புழு தேடுவதைக் கண்டு, சுமார் பத்து டாலர் கொடுத்து அந்த விலாசத்தை வாங்கினார். விலாசம் பதில் சொன்னதும் புழு அடங்கிவிட்டது. அடங்கும் என்று வாங்கும்போது அவருக்கே தெரியாது! மூன்று மாதத்தில், பழைய குற்றம் ஒன்றுக்காக அவரே அமெரிக்காவில் கைதானார். கதையில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் வெட்டிவிடுவார்.

பிரிட்டிஷ் தணிக்கை அலுவலகம் பிற்பாடு கணக்கெடுத்தது. ரத்தானதாகத் தெரியவந்த சிகிச்சைச் சந்திப்புகள் 6,912. புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் அவசரமாக வரச் சொல்லியிருந்த 139 பேரையாவது, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.