படியெடுத்துப் பயின்ற மொழி: மேல்சித்தாமூர் வட்டாரச் சமணச் சுவடி மரபு

மேல்சித்தாமூரில் உள்ள ஜினகாஞ்சி மடம் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம். அங்குள்ள ஓலைச்சுவடிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்றுதான் முதலில் கேட்போம். அவற்றைப் படியெடுத்தவர் எழுதும்போதே என்ன கற்றார் என்பது இக்கட்டுரையின் கேள்வி.

சமணம் வகுத்த நான்கு தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. ஒரு நூலைப் பிரதி செய்து கொடுப்பது அன்னம் இடுவதற்கு ஒப்பான அறம். ஆகவே படியெடுத்தல் கூலி வேலையாக மட்டும் நிற்கவில்லை. படிக்கிறவனே எழுதவும் செய்தான்.

இதில் மொழிப்பயிற்சி எங்கே வருகிறது? ஓலையில் புள்ளி வைப்பதில்லை; எழுத்தாணி அழுந்தினால் ஓலை பொத்துப்போகும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஒற்றைக் கொம்பே குறிலுக்கும் நெடிலுக்கும் பொது. கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள் வந்தால் அது ‘கொ’வா, ‘கோ’வா, ‘கெர’வா, ‘கேர’வா? யாப்பும் புணர்ச்சியும் பொருளும் தெரிந்தவனுக்கே விடை கிடைக்கும். பவணந்தியின் நன்னூலும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டும் கைக்கு வருவது இந்த இடத்தில்தான். இரண்டும் சமணர் செய்த நூல்கள் என்பதையும் நினைவில் கொள்ளலாம். ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூலைப் பெயர்த்து எழுதியவன் தமிழெழுத்தோடு கிரந்தத்திலும் கை பழகியாக வேண்டும்.

இம்மரபின் வலிமையை வெளியிலிருந்து வந்து உணர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1876 வரை பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைக் காட்டியபோது திகைத்தார். இலக்கணம் தெரியும், சமணச் சொல்வழக்கு தெரியாது. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். தமக்கு உதவியவர்களில் வீடூர் அப்பாசாமி நயினாரையும் குறிப்பிடுகிறார். வீடூர் மேல்சித்தாமூர் வட்டாரத்து ஊர். கும்பகோணத்துச் சமணர் வீடு ஒன்றின் வாசலில் கோலமும் தோரணமும் கண்டு விசேஷம் என்னவென்று கேட்டார். சிந்தாமணி படித்து முடித்ததற்கான கொண்டாட்டம் என்றார்களாம். தாம் தடுமாறிய காப்பியம் அங்கே வீட்டு நூலாக இருந்தது. அவர் சமணத் தமிழைக் கற்றது பாடத்திட்டத்தால் அன்று. ஏட்டோடு ஏடு ஒப்பிட்டு, கேட்டு, திருத்தி, 1887இல் பதிப்பை முடித்த வேலையால்.

அச்சு வந்தபின் நிலை மாறியது. அ. சக்கரவர்த்தி நயினார் மேருமந்தர புராணத்தையும் நீலகேசியையும் பதிப்பித்தார், நூல்கள் பிழைத்தன. ஆனால் பிரதி செய்யும் தேவை போயிற்று, கூடவே கிரந்தம் வாசிக்கும் கண்ணும் மங்கியது. அச்சைக் குறை சொல்ல இயலாது. எனினும் புள்ளியும் இடைவெளியும் இட்டுத் தந்த பக்கத்தில் வாசகன் தீர்க்கவேண்டிய ஐயம் குறைவு என்பதே என் கருத்து.

சுருத பஞ்சமி அன்று சுவடிகளை வெளியே எடுத்துப் பூசிப்பது திகம்பரர் வழக்கம். இந்த வட்டாரத்துத் தமிழாசிரியர்கள் அந்நாளில் மாணவரிடம் ஓர் ஏட்டையாவது கொடுத்து, படியெடுக்கச் சொல்ல வேண்டும்.