குரற்கேடு

பாடகர், நடிகர், சொற்பொழிவாளர் முதலாகக் குரலையே ஜீவனோபாயமாகக் கொண்டோருக்கு மிகையான உபயோகத்தாலோ, முறைகெட்ட சாதகத்தாலோ, நோயாலோ நேரும் கம்மல், கரகரப்பு, உச்சஸ்தாயி எட்டாமை, சாரீரம் அடியோடு அடைபடுதல் ஆகியவை இப்பெயரால் வழங்கும்.

ஆயுர்வேத நூலாகிய சுசுருத சங்கிதை இதனை ஸ்வரபேதம் என்று கூறி, வாதம், பித்தம், கபம், மூன்றும் கூடிய சன்னிபாதம், க்ஷயம், மேதஸ் (கொழுப்பு) என ஆறாக வகுக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சார்ங்கதேவரோ, சங்கீத ரத்னாகரம் என்னும் இசைநூலில் சாரீரத்தின் தோஷங்கள் எட்டு, பாடுவோன் தோஷங்கள் இருபத்தைந்து எனத் தனித்தனியே பிரித்து, தொண்டையின் குறையையும் பயிற்சியின் குறையையும் ஒன்றாக மயங்காமல் காத்தார். நுட்பத்தில் இதுவே மேம்பட்ட பாகுபாடு. குரல்நாண்களைக் கண்ணாடி கொண்டு கண்ணுற்று 1855இல் லண்டனில் அறிவித்த மானுவேல் கார்சியா வைத்தியரல்லர், பாட்டு வாத்தியாரே.

தமிழ் நாட்டில் இக்கேட்டின் சரித்திரம் பெரிதும் நாடகக் கொட்டகையின் சரித்திரமாகும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை போன்ற, சிறுவரைக் கொண்ட நாடகக் குழுக்களாகிய பாய்ஸ் கம்பெனிகளில், ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாட வேண்டியிருந்த சிறுவர், பருவமெய்தி மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் பெண் வேடமாகிய ஸ்திரீ பார்ட்டை இழந்தனர். தேறும்வரை ஓய்வளிக்காமல் பாடவைத்ததே பலருடைய சாரீரத்தைக் கெடுத்தது. கொட்டகைக்கு வெளியேயும் இக்கேடு நேர்ந்ததுண்டு: 1952இல் கேரளத்துத் திருச்சூர்ப் பூங்குன்னம் சிவன் கோயில் கச்சேரியில் குரல் அடைபட்ட கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர், வைத்தியத்தின் பின் மறுபடி பாடலானார். மீண்டது குருவாயூரப்பன் அருளாலேயே என்று பாகவதரே கொண்டிருக்க, பிறர் வேறு காரணம் தேடுவது வீண். 1967 ஜனவரி 12ஆம் நாள் கழுத்தில் குண்டு பாய்ந்து குரல் மாறிய திரைப்பட நடிகர் எம். ஜி. ராமச்சந்திரன், மாறிய குரலோடே பத்தாண்டு கதாநாயகராக நடித்து, 1977இல் முதலமைச்சரானார்.

தமிழர் வாழும் மலேசியாவில், ஈப்போவை அடுத்த குனோங் ராபாட் போன்ற ஊர்களில் குரற்கேட்டுக்கு எளிதில் ஆளாகக்கூடியோர், கச்சேரிப் பாடகரினும், தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயில்வரை நடந்து உறுமிமேளத்தை மிஞ்சிக் குரலெழுப்புவோரும், நாள்தோறும் வகுப்பில் உரக்கப் பேசும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருமே. இக்காலத்தில் மௌன ஓய்வு, குரற்பயிற்சி, அவசியமாயின் அறுவை ஆகியன சிகிச்சை. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு.