இளவரசியும் நிருபனும்

புகழ் பெற்ற ஒருவரும் எளியவர் ஒருவரும் காதல் கொள்வதாகக் கூறும் கதைகள் மிகப் பழமையானவை. வேட்டைக்குச் சென்ற மன்னன் ஆசிரமத்து மங்கையைக் கண்டு மனம் பறிகொடுத்த கதையை நம் நாட்டில் அறியாதார் இலர். அக்கதைகளில் வரும் மன்னனுக்கு ஒரு வசதி இருந்தது. அவன் பெயரை உலகம் அறியும், முகத்தை அறியாது. முடியைக் கழற்றி வைத்துவிட்டால் எந்த ஊர்ச் சந்தையிலும் அவன் தடையின்றி உலாவலாம். செய்தித்தாளும் புகைப்படமும் வந்த பின்னர் அந்த வசதி போயிற்று. நாணயத்தில் மட்டும் பொறிக்கப்பட்டிருந்த முகம் நாள்தோறும் வீட்டு வாயிலுக்கே வரத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டுத் திரைப்படங்கள் பழைய கதையைப் புதிய நகைச்சுவையாக்கியபோது, காதலர்க்கு இடையே மூன்றாம் ஆளாகப் பத்திரிகை வந்து நின்றது. காதலனே நிருபனாக இருந்துவிட்டால் வேடிக்கைக்குக் கேட்க வேண்டுமோ?

1934 ஆம் ஆண்டில் பிராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹாப்பண்டு ஒன் நைட்' என்னும் அமெரிக்கப் படம் இதற்கு வழிகாட்டி எனலாம். தந்தையோடு பிணங்கி ஓடிவருகிறாள் ஒரு கோடீசுவரர் மகள். அவள் ஓட்டமே நாடெங்கும் தலைப்புச் செய்தி. பேருந்தில் அவளுக்குத் துணையாக வாய்ப்பவன் வேலை இழந்த ஒரு நிருபன். அவள் கதை தனக்குக் கிடைக்குமானால் அவளை ஊர் சேர்ப்பதாக அவன் பேரம் பேசுகிறான். ஐந்து ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற இப்படத்தின் கதையைத் தழுவி, சென்னை ஏ.வி.எம். நிறுவனம் 1956 இல் 'சோரி சோரி' என்னும் இந்திப் படத்தை வெளியிட்டது. ராஜ் கபூரும் நர்கிஸும் அதில் நடித்தனர்.

ஆனால் இவ்வகைக் கதையின் முழு ஆழத்தையும் கண்ட படம் 1953 இல் வெளிவந்த 'ரோமன் ஹாலிடே' என்பதே என் கருத்து. இயக்கியவர் வில்லியம் வைலர். ரோம் நகரத்தைப் படப்பிடிப்பு நிலையத்தில் அட்டையும் சாந்தும் கொண்டு கட்டிக்கொள்ளலாம் என்பதற்கு அவர் இசையவில்லை. 1952 ஆம் ஆண்டுக் கோடையில் ரோமுக்கே சென்று படத்தை எடுத்தார். படம் முழுவதும் அந்நகரிலேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் செய்யப்பட்டது என்று தொடக்கத்திலேயே அறிவிப்பும் உண்டு. கதாநாயகியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்ன் அப்பொழுது இருபத்து மூன்று வயது நங்கை. அமெரிக்கத் திரையுலகுக்குப் புதியவர். இப்படத்தினால் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றார்.

கதை எளியது. பெயர் கூறப்படாத ஒரு நாட்டின் இளவரசி ரோமுக்கு அரசமுறைப் பயணமாக வருகிறாள். வரவேற்பும் விருந்தும் கைகுலுக்கலுமாக நாட்கள் கழிகின்றன. ஓரிரவு மனம் கசந்து அழ, மருத்துவர் உறக்க மருந்தைச் செலுத்துகிறார். மருந்து வேலை செய்யுமுன் அவள் ஒரு வண்டியில் ஒளிந்து அரண்மனையை விட்டுத் தப்புகிறாள், தெருவோரத்தில் உறங்கிப்போகிறாள். குடித்து மயங்கிய பெண் என்று கருதிய ஓர் அமெரிக்க நிருபன், வேறு வழியின்றி, மார்குட்டா தெருவிலுள்ள தன் சிற்றறைக்கு அழைத்துச் செல்கிறான். கிரெகரி பெக் ஏற்ற வேடம் இது. மறுநாள் காலை இளவரசியைப் பேட்டி காணவேண்டிய நேரத்தில் அவன் தூங்கிவிடுகிறான். அலுவலகம் சென்று, பேட்டி கண்டுவந்ததாக ஆசிரியரிடம் துணிந்து பொய் அளக்கிறான். இளவரசிக்கு உடல்நலம் இல்லை, பேட்டி நடைபெறவில்லை என்னும் செய்தி தாங்கிய பத்திரிகையை ஆசிரியர் அவன் முன் வைக்கிறார். அதிலுள்ள படத்தைப் பார்த்த பிறகுதான், தன் அறையில் உறங்குபவள் யார் என்று அவனுக்குத் தெரிகிறது. ஒரே அறையில் இரவு முழுவதும் இருந்தும் அறியாத முகத்தை அச்சுத்தாளில் கண்டு அறிகிறான்! புகழ் என்பது யாது என்று விளக்க இதனினும் நல்ல காட்சியை நான் கண்டதில்லை.

அவளைப் பற்றிய தனிச்செய்திக்கு ஆசிரியர் தர இசையும் விலை ஐயாயிரம் டாலர். எனவே நிருபன் தன் தொழிலை மறைத்து, எருவும் இரசாயனமும் விற்பவன் என்று கூறிக்கொள்கிறான். அவளோ தன் குலத்தை மறைக்கிறாள். அவன் நண்பன் சிகரெட்டு பற்றவைக்கும் கருவியினுள் ஒளித்த கேமராவால் அவளைப் படம் பிடித்தவண்ணம் உடன்வருகிறான். பொய்யர்கள் இவ்வாறு ஊர் சுற்றும்பொழுது 'வாய்மையின் வாய்' என்னும் பழைய கல்முகத்தின் முன் வந்து நிற்கின்றனர். பொய்யர் கை வைத்தால் அது கடித்துவிடும் என்பது ரோமானியர் மரபு. இளவரசி தயங்கிக் கையை இழுத்துக்கொள்கிறாள். நிருபன் கைவிட்டு அலறுகிறான். வெளியே எடுத்தால் கையைக் காணோம்! சட்டைக் கைக்குள் கையை மறைத்துப் பெக் செய்த அந்தக் குறும்பு ஹெப்பர்னுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. ஆகையால் அவர் அலறியது நடிப்பன்று.

ஒரு நாள் முடிகிறது. இளவரசி தன் கடமைக்குத் திரும்புகிறாள். மறுநாள் பத்திரிகையாளர் கூட்டம். முன்வரிசையில் நிற்கும் நிருபனைக் கண்டபொழுதுதான் அவன் யார் என்பது அவளுக்குப் புரிகிறது. தன்னை அவன் விற்றுவிட்டானா? அனைவரும் கேட்க அதை அவள் வினவ இயலாது. நாடுகளிடையே நம்பிக்கை பற்றிய பொதுப்பேச்சில் அதை மறைத்துக் கேட்கிறாள். அவனும் அவ்வாறே மறைமொழியில் உறுதி தருகிறான். நண்பன் படங்களை ஓர் உறையிலிட்டு அவளிடமே கொடுத்துவிடுகிறான். எழுதப்படாத செய்தி ஒன்றே அவன் காதலுக்குச் சான்று.

அவ்வாண்டு ஜூன் 2 ஆம் நாள் இலண்டனில் எலிசபெத் அரசி முடிசூடினார். அன்று அரசியின் தங்கை மார்கரெட், போர் விமானியாக விளங்கிய பீட்டர் டவுன்சென்ட் என்பவரின் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு துரும்பைத் தட்டிவிட்டார். நிருபர்கள் அதைக் கண்டுவிட்டனர். மணவிலக்குப் பெற்றவரை அரச குடும்பத்துப் பெண் மணக்கலாகுமா என்னும் வழக்கு பத்திரிகைகளில் இரண்டாண்டுக்கு மேல் நடந்தது. 1955 அக்டோபர் 31 அன்று தாம் அவரை மணப்பதில்லை என மார்கரெட் அறிவித்தார். திரையில் வந்த நிருபன் காத்த மௌனத்தை அங்கே எவரும் காக்கவில்லை.

நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1999 இல், 'நாட்டிங் ஹில்' என்னும் ஆங்கிலப் படம் வந்தது. இங்கே இளவரசிக்குப் பதில் உலகறிந்த நடிகை. நிருபனுக்குப் பதில் இலண்டன் புத்தகக் கடைக்காரன். ஆனால் அவளைக் காண விடுதிக்குச் செல்பவனை நிருபன் என்று பிறர் கருதிவிட, குதிரைகளும் வேட்டை நாய்களும் பற்றிய பத்திரிகையின் ஆள் என்று அவன் சொல்லிவைக்கிறான். அவள் படமோ விண்வெளிக் கதை! அதில் குதிரைகள் உண்டா என்று அவன் கேட்கும் இடம் சிரிக்காதவரையும் சிரிக்கவைக்கும். பின்னர் அவள் அவன் வீட்டில் ஒளிந்திருக்கும் காலையில் வாயில் முழுவதும் கேமராக்கள். முடிவு மீண்டும் பத்திரிகையாளர் கூட்டத்தில்தான். அவன் நிருபனாகவே எழுந்து வினவுகிறான், அவள் இசைகிறாள், விளக்குகள் மின்னுகின்றன. இனிய முடிவே. ஆயினும் ரோமில் காதலர் எவரிடமிருந்து தம் அன்பைக் காத்துக்கொண்டனரோ, அவரே இலண்டனில் மணவிருந்தினராகிவிட்டனர். என் உள்ளம் ரோமையே நாடுகிறது.

ரோம் படத்தைப் பற்றி இன்னொன்றும் மாணவர்கள் அறியவேண்டும். அதன் மூலக்கதைக்கு அளிக்கப்பட்ட ஆஸ்கார் பரிசு இயான் மெக்லெல்லன் ஹன்ட்டர் என்பவருக்குச் சென்றது. அவர் நண்பருக்காகப் பெயரைக் கடன் கொடுத்தவர். கதையை எழுதியவர் டால்ட்டன் டிரம்போ. 1947 இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்று அவரை அழைத்து, பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவரா என்று வினவியது. அவர் விடையளிக்க மறுத்தார், சிறை சென்றார். படநிறுவனங்கள் அவர் பெயரையே விலக்கிவைத்தன. தன் பெயரைச் சொல்ல முடியாத இளவரசியின் கதையை எழுதியவர், தன் பெயரைப் போடமுடியாத எழுத்தாளர். 1976 இல் அவர் மறைந்தார். 1993 இல் அப்பரிசு அவர் மனைவியிடம் வழங்கப்பட்டது. 2011 இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் படத்தின் எழுத்தாளர் வரிசையில் டிரம்போவின் பெயரைச் சேர்த்தது.