எச்சில் படிந்த நாடா: பஞ்சாலையும் சாதியும் சோசலிச விவாதமும்



1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில், நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் கார்ல் மார்க்ஸின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ரயில்வேயைத் தொடர்ந்து வரும் நவீனத் தொழில்கள், சாதி எந்தப் பரம்பரை வேலைப் பிரிவினையின் மேல் நிற்கிறதோ அதைக் கரைத்துவிடும் என்று அதில் அவர் எதிர்பார்த்தார். அந்த எதிர்பார்ப்பு என்ன ஆயிற்று என்பதை அதே பம்பாயில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

1856இல் அங்கே முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கியது. கொங்கணத்திலிருந்தும் சத்தாராவிலிருந்தும் வந்தவர்களால் பரேலும் லால்பாக்கும் நிறைந்தன. ஊர்ச் சேவகத்தில் கட்டுண்டு கிடந்த மகர்களும் வந்தார்கள். ஒற்றை அறைச் சால் குடியிருப்பு, நீண்ட வேலை நேரம், மேஸ்திரிக்குக் கொடுக்கும் மாமூல் எல்லாம் இருந்தன. ஆனாலும் கூலி காசாகக் கைக்கு வந்தது. இந்த அளவில் ஆலை நமக்கு ஒரு கதவைத் திறந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

அடுத்த கதவு திறக்கவில்லை. நூற்புப் பகுதியில் மகர் தொழிலாளிக்கு வேலை கிடைத்தது. கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் கிடைக்கவில்லை. காரணம் எச்சில். தார் தீர்ந்ததும் நெசவாளி புதுத் தாரை நாடாவில் பொருத்தி, நூல் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். மகர் வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைப்பதா என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளிகள். இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது, தீட்டு ஊரிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ்ந்தன.

1928இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்யும் உரிமை தீண்டப்படாதோருக்கும் வேண்டும், அதையும் கோரிக்கையாகச் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தலைவர்கள் தயக்கத்தோடுதான் சேர்த்தார்கள். கோரிக்கை விசாரணைக்கு வந்தபோது, இந்த அநீதிக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள் ஆலை முதலாளிகள். முதலாளி தொழிலாளியைக் கைகாட்டித் தப்பிக்க முடிந்தது என்றால், அந்த வசதியைச் செய்துகொடுத்தது சாதி.

இது பம்பாய்க்கு மட்டும் உரியதல்ல. 1921இல் சென்னை பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது; குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலிகள் என்று ஒரு சொல்லில் கடந்துபோவது எளிது. சங்கம் அவர்களுக்கு எப்போது வீடாக இருந்தது என்று கேட்பதுதான் வரலாறு எழுதுவோரின் வேலை.

இந்தக் கேள்வியை 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் சோசலிஸ்டுகளின் முன் வைத்தார். புரட்சிக்குப் பிறகு தன்னைச் சமமாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் யார் அந்தப் புரட்சியில் சேர்வார்கள் என்பதுதான் அவருடைய வாதத்தின் மையம். அதே ஆண்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் தலித் தொழிலாளர்கள் மாநாடு கூட்டினார்கள். 1853இல் தானேவுக்கு ரயில் விட்ட அதே ஜி.ஐ.பி. ரயில்வே! தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் வேலையோடு நம்மவர்கள் நின்றுபோனதை அம்பேத்கர் அங்கே எடுத்துச் சொன்னார். போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. ஏனென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். பார்ப்பனியம், முதலாளித்துவம் ஆகிய இரண்டும் தொழிலாளியின் எதிரிகள் என்று அவர் அறிவித்தது அந்த மேடையில்தான். பார்ப்பனியம் என்று அவர் சொன்னது ஒரு சாதியை அல்ல. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தை மறுக்கும் மனப்பான்மையை. அது எல்லா வர்க்கத்திலும் இருக்கிறது என்றார்.

இதனால் அவர் வர்க்கப் போராட்டத்திலிருந்து விலகிவிடவில்லை. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையை முடக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், முக்கியத் தொழில்களும் விவசாயமும் அரசுடைமையாக வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று கோரினார். அவரை முதலாளித்துவத்தின் நண்பராகக் காட்டுவோரும், சோசலிசத்தின் எதிரியாகக் காட்டுவோரும் இந்த அறிக்கையைப் பிரித்துப் படிக்கட்டும்.

இன்று நகரத் தூய்மைப் பணி ஒப்பந்தக்காரர் கைக்குப் போகிறது. கூலியைக் குறைப்பது முதலாளித்துவம். அந்த வேலைக்கு யார் வருவார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது சாதி. ஒன்றை எதிர்த்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு நம் பதில் 1928லேயே சொல்லப்பட்டுவிட்டது: அதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். மாணவத் தோழர்கள் எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும், எந்தப் பிரிவில் யார் வேலை செய்கிறார்கள், நிர்வாகக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எண்ணியதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

ஜெய்பீம்.