கல்லோயா இடதுகரை: தலைவர் இல்லாமல் தொடங்கிய வேலை

பட்டிப்பளை ஆறு என்கிற கல்லோயாவின் இடதுகரை வாய்க்காலில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வட்டைகளில் ஒன்றில்தான் எங்கள் வயல். மேலே சிங்களக் குடியேற்றங்கள், கீழே தமிழரும் முஸ்லிம்களும். தண்ணீர் எட்டாத போகத்தில் "மேல இருக்கிறவன் மறிச்சுப் போட்டான்" என்று சொல்லிவிடுவது எங்களுக்குச் சுலபம். அது பாதி உண்மைதான். மேலேயும் ஒரே வாய்க்காலின் தலைமடைச் சிங்களவரும் கடைமடைச் சிங்களவரும் இதே தண்ணீருக்கு மண்வெட்டி தூக்கியிருக்கிறார்கள்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. இங்கினியாகலையில் அணையைக் கட்டியது மொரிசன்-நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. முன்மாதிரியும் அமெரிக்காதான், டென்னசிப் பள்ளத்தாக்குத் திட்டம். எந்த வாய்க்கால் எங்கே ஓடும், யாருக்கு எந்தக் காணி என்பதெல்லாம் மேலிருந்து முடிவாகி வந்தன. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தோடு எழுந்த கலவரத்தில் அதிக இரத்தம் சிந்திய இடம் இந்தப் பள்ளத்தாக்கு. 1958இன் நெற்காணிச் சட்டம், வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டு வந்த வட்டை விதானை முறையையும் எடுத்துவிட்டது. விதானைமார் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விளைச்சலில் பங்கு வாங்கியவர்கள், வேண்டியவனுக்கு முந்தித் தண்ணீர் விட்டவர்களும் உண்டு. ஆனால் வரம்பில் வந்து நின்று அதட்ட ஒரு ஆள் இருந்தார். பிறகு வந்த கமிட்டிகளில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். வாய்க்காலில் பற்றை வளர்ந்தது. கேட்டுகள் உடைந்தன, உடைக்கவும்பட்டன. இரவு முழுக்க வக்கடையடியில் மண்வெட்டியோடு படுத்திருப்பதுதான் நீர் முகாமைத்துவம் என்றாகிவிட்டது.

இதைத் திருத்த அமெரிக்க உதவியோடு ஒரு திட்டம் வந்தது. வாய்க்காலைத் திருத்துவது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பாடு. விவசாயிகளை ஒன்றுசேர்க்கும் பகுதி கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்திடமும் கோர்னெல் பல்கலைக்கழகத்திடமும் போனது. கோர்னெல் பக்கம் நோர்மன் அப்ஹொஃப், நிறுவகத்தின் பக்கம் விஜயரத்ன. 1981இல் வேலையில்லாப் பட்டதாரி இளைஞர்கள் முப்பது பேரளவில் அமைப்பாளர்களாகக் கிராமங்களில் இறங்கினார்கள். அந்த வருடம் இங்கினியாகலை நீர்த்தேக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான் கிடந்தது. இப்படியான வருடத்தில் புதுத் திட்டம் தொடங்க யாருக்கும் மனம் வராது.

அவர்கள் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, செய்யாமல் விட்டதுதான். கூட்டம் கூட்டித் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவுசெய்யவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரு வயல் வாய்க்காலில் இருக்கும் பத்து இருபது பேர் சேர்ந்து முதலில் எதைச் செய்யலாம் என்று கேட்டார்கள். பதில் சிரமதானம். ஆண்டுக்கணக்காகத் துப்புரவு காணாத வாய்க்கால்கள் சில வாரங்களில் வெளித்தன. அடுத்தது முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது. சில வாய்க்கால்களில் கடைசி வயலுக்கே முதல் முறை. மிஞ்சியதைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டார்கள்.

பிரதிநிதி வந்தது அதற்குப் பிறகு. அதுவும் வாக்கெடுப்பால் அல்ல, எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒருவர். வாக்கு என்று போனால் ஐ.தே.க., சு.க. என்று வாய்க்கால் இரண்டாகும். கலந்து வாழும் இடமென்றால் இனமாகவும் பிரியும். இந்தப் பிரதிநிதிக்குக் கதிரையும் இல்லை, சம்பளமும் இல்லை. வேலையில் முன்னுக்கு நின்றவர் என்ற பெயர் மட்டும்தான். "விவசாயி சொன்னால் கேட்கமாட்டான்" என்றிருந்த எஞ்ஜினியர்மாரும் இவர்களைக் கேட்டுத் தண்ணீர் விடத் தொடங்கினார்கள்.

குறையும் இருந்தது. அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் இல்லை; ஆசிரியர் வேலை கிடைத்ததும் பலர் போய்விட்டார்கள். குடியேற்றம் கிழக்கின் இனக் கணக்கை மாற்றியதையும் எந்தத் தண்ணீர்க் குழுவாலும் சரிக்கட்ட முடியாது. கல்லோயாவை இன ஒற்றுமையின் அதிசயமாக எழுதுகிறவர்கள் இந்தக் காணிக் கதையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆனால் 1997 சிறுபோகத்தையும் மறைக்க ஏலாது. யுத்த காலம். அமெரிக்கத் திட்டம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல். இருக்கிற தண்ணீர் 15,000 ஏக்கருக்குத்தான் காணும் என்றார்கள் அதிகாரிகள். கமக்காரர் அமைப்புகள் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ள தண்ணீரைத் தாங்களே பங்கிட்டுக்கொள்வதாகச் சொல்லி, ஏறத்தாழ 65,000 ஏக்கரும் விதைத்தார்கள். மேலே சிங்களவர் சிக்கனம் பிடித்த தண்ணீர் கீழே தமிழரின் வயலுக்கும் வந்தது. விளைச்சல் வழமையைவிட நன்றாகவே இருந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் இப்போதும் ஒரு திட்டம் வந்தால் முதல் கூட்டத்திலேயே நிர்வாகத் தெரிவு, மாலை, படம். அடுத்த கூட்டத்துக்குத் தோற்றவர்கள் வரமாட்டார்கள். திட்டத்தோடு வருகிற அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தெரிவை ஒரு போகம் தள்ளிப்போடுங்கள். முதலில் வாய்க்காலை வெட்டவிடுங்கள்.