வழிப்போக்கரின் வீடு: பழைய நகரங்களில் முஸ்லிம் பயணிகள் தங்கிய இடங்கள்

விடுமுறையில் ஏதேனும் ஒரு நகரத்தைக் கண்டுவரலாம் என்று நம் குடும்பங்கள் முடிவெடுத்தவுடன் எழும் முதல் கேள்வி, எங்கே தங்குவது என்பதுதான். கெய்ரோவாக இருந்தாலும் இஸ்தான்புல்லாக இருந்தாலும், கைப்பேசியைத் திறந்தால் நூற்றுக்கணக்கான விடுதிகளின் படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. வாடகை எவ்வளவு, காலை உணவு உண்டா, பேருந்து நிறுத்தம் எத்தனை தூரம் என்று ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்கிறோம். இந்தக் கேள்வி புதியதன்று. ஹஜ்ஜுக்காகவும் கல்விக்காகவும் வணிகத்துக்காகவும் ஊர் ஊராகச் சென்ற முஸ்லிம்கள் எல்லா நூற்றாண்டுகளிலும் இதைக் கேட்டிருக்கின்றனர். அவர்களுக்குக் கிடைத்த விடைகளை வரலாற்றில் தேடிப் பார்த்தால், நாம் கேட்க மறந்துவிட்ட சில கேள்விகளும் உடன் கிடைக்கின்றன.

முதலில் நம் மார்க்கம் பயணியை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதைக் காண்போம். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் கூறும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் 'இப்னுஸ் ஸபீல்' என்னும் வழிப்போக்கரையும் அவர்களுள் ஒருவராக வைக்கிறது. சொந்த ஊரில் செல்வந்தராக இருப்பவரும், வழியில் கைப்பொருள் இழந்து நின்றால் இந்த உரிமையைப் பெறுவார். அந்நூர் அத்தியாயம் பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையுமாறு கற்பித்த பின், 29ஆம் வசனத்தில் ஒரு விதிவிலக்கைத் தருகிறது. எவரும் நிலையாகக் குடியிராத, பயன்பாட்டுக்கென உள்ள வீடுகளில் நுழைவது குற்றமாகாது என்பது அதன் கருத்து. வழிகளில் அமைந்த சத்திரங்களை இவ்வசனம் குறிக்கிறது என்று தஃப்ஸீர் அறிஞர்கள் பலர் விளக்கியுள்ளனர். ஆக, பயணியர் விடுதி என்பது குர்ஆன் விரிவுரைகளிலேயே இடம்பெற்ற ஒரு பொருளாகும்.

இனி ஒரு பயணியைப் பின்தொடர்வோம். கிரனாடாவில் ஆளுநரின் எழுத்தராகப் பணியாற்றிய இப்னு ஜுபைர், 1183ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு 1185இல் ஊர் திரும்பினார். தாம் கண்டவற்றை நாள்தோறும் குறித்துவைத்த அவர், தாம் தங்கிய இடங்களையும் விடாமல் எழுதினார். அலெக்சாந்திரியாவில் கரையிறங்கியபோது சுங்க அதிகாரிகள் பயணிகளின் மூட்டைகளைக் கலைத்துப் போட்டு, இருப்பதை மறைக்கவில்லை என்று சத்தியமும் வாங்கினர். ஹாஜிகளை இப்படி நடத்துவதா என்று அவர் மனம் நொந்து எழுதுகிறார். அதன் பின் செம்புக் கொல்லர்களின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு ஃபுந்துக்கில் தங்கினார். ஃபுந்துக் என்றால் சத்திரம். இன்றும் அரபியில் ஹோட்டலுக்கு அதுவே பெயர்.

அதே நகரத்தில் அவரை மகிழ்வித்த ஒன்றும் இருந்தது. தொலைவான நாடுகளிலிருந்து கல்வி தேடி வருவோருக்குத் தங்குமிடமும், குளியலறைகளும், நோயுற்றால் மருத்துவமும் கிடைக்குமாறு ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஏற்பாடு செய்திருந்தார். மேற்கிலிருந்து வரும் வழிப்போக்கர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 2 ரொட்டிகள் வழங்கப்பட்டன. பயணி தன் பணத்தால் மட்டும் இடம் தேடிக்கொள்ள வேண்டியதில்லை, அவனை வரவேற்பது நகரத்தின் கடமை என்ற எண்ணம் அங்கே நடைமுறையாக இருந்தது.

கெய்ரோவை அடுத்த பழைய மிஸ்ர் நகரில் அவர் தேர்ந்த இடம் நம் கவனத்துக்குரியது. எகிப்தின் முதல் பள்ளிவாசலான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) பள்ளிவாசலை ஒட்டி, விளக்குகளின் சந்து எனப்பட்ட தெருவில் இருந்த ஒரு சத்திரத்தில், வாயிலுக்கு அருகே ஒரு பெரிய அறையை எடுத்துக்கொண்டார். புதிய ஊரில் பள்ளிவாசலின் அருகே இருப்பவனுக்கு வேறு எதுவும் தொலைவில் இருப்பதில்லை. ஐந்து வேளையும் ஊர் மக்களைச் சந்திக்கலாம். வழி கேட்கலாம், அறிஞர்களின் பாடங்களில் அமரலாம், கடைவீதியும் பக்கத்திலேயே இருக்கும்.

1184இல் அவர் சிலுவைப் போராளிகளின் ஆட்சியில் இருந்த அக்கா துறைமுகத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு வேறுவிதமான அனுபவம் நேர்ந்தது. சுங்கச்சாவடியாக இருந்த கானில் கிறித்தவ எழுத்தர்கள் அரபியில் பேசி, அரபியிலேயே கணக்கு எழுதினர். சோதனை கண்ணியமாகவும் கடுமையின்றியும் நடந்தது என்று அவர் நேர்மையாகப் பதிவு செய்கிறார். கடலை நோக்கிய ஒரு வீட்டை ஒரு கிறித்தவப் பெண்மணியிடம் வாடகைக்கு எடுத்துத் தங்கினார். பள்ளிவாசல்கள் தேவாலயங்களாக மாற்றப்பட்டிருந்த அந்நகரில், பெரிய பள்ளிவாசலின் ஒரு சிறு பகுதி மட்டும் முஸ்லிம்களிடம் எஞ்சியிருந்தது. வெளியூர்ப் பயணிகள் கூடித் தொழுவதற்கு அவ்விடம் போதுமானதாக இருந்ததற்காக அவர் அல்லாஹ்வைப் புகழ்கிறார். முஸ்லிம்கள் ஆண்ட துறையில் கடுமையும் எதிரியின் துறையில் கண்ணியமும் கண்டதை மறைக்காமல் எழுதிய அவருடைய நேர்மை, இன்று விடுதிகளைப் பற்றி மதிப்புரை எழுதும் நமக்கும் ஒரு பாடமாகும்.

அக்காலச் சத்திரங்கள் எவ்வாறு இயங்கின என்பதை அறிய, கெய்ரோவில் அல்அஸ்ஹருக்கு அருகே இன்றும் நிற்கும் வகாலா அல்கூரியைப் பார்க்கலாம். மம்லூக் ஸுல்தான் கான்ஸவ் அல்கூரி 1504-05இல் கட்டிய ஐந்து அடுக்குக் கட்டடம் அது. நடுவே திறந்த முற்றம், கீழே வணிகர்களின் சரக்கறைகள், மேலே வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்புகள். உள்ளே வர ஒரே பெருவாயில். இரவில் அதை அடைத்துவிட்டால் சரக்கும் மனிதரும் ஒருங்கே பாதுகாப்பாக இருப்பர். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளிருப்போரின் வாழ்க்கை தெரியாது. மேல்தளச் சாளரங்களில் இருந்த மரச்சட்டங்கள் காற்றையும் ஒளியையும் உள்ளே விட்டு, பார்வையைத் தடுத்தன. இதன் வாடகை வருமானம் வக்ஃபாக ஸுல்தானின் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் சென்றது. அங்கே வாடகை கொடுத்துத் தங்கிய வணிகர், தாம் அறியாமலேயே ஒரு மாணவரின் கல்விக்கும் உதவினார்.

பணம் கொடுக்க இயலாதவருக்கும் வழி இருந்தது. இன்றைய துருக்கியில் கைஸேரிக்கு அருகே, ஸல்ஜூக் அமைச்சர் ஜலாலுத்தீன் கராதாய் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய சத்திரத்தின் வக்ஃபு ஆவணம் இன்றும் உள்ளது. வருபவர் முஸ்லிமா அல்லாதவரா, ஆணா பெண்ணா, சுதந்திரமானவரா அடிமையா என்று பாராமல் அனைவருக்கும் சமமாக உணவளிக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. ரொட்டியும் இறைச்சியும் மட்டுமன்றி, வெள்ளிக்கிழமை இரவுகளில் தேன் ஹல்வாவும் வழங்கப்பட வேண்டுமாம். ஏழைப் பயணிக்கும் இனிப்பு வேண்டும் என்று எண்ணிய உள்ளம் எத்தகையது!

அதே அனடோலியாவில் சுமார் 1332இல் பயணம் செய்த இப்னு பதூதா, லாதிக் நகரில் தமக்கு நேர்ந்ததைக் கூறுகிறார். கடைவீதியில் சிலர் ஓடிவந்து அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் வந்து அவர்களோடு சண்டையிட்டுக் கத்தியையும் உருவினர். கொள்ளையர் கையில் சிக்கிக்கொண்டோம் என்று அவர் அஞ்சினார். அரபி அறிந்த ஒரு ஹாஜி வந்து விளக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. அவர்கள் இரு 'அகீ' சகோதரக் குழுவினர். விருந்தாளி எங்களிடம்தான் தங்க வேண்டும் என்பதே அவர்களின் சண்டை! சீட்டுக் குலுக்கிப் போட்டு, முதலில் ஒரு குழுவினரிடமும் பின்னர் மற்றவரிடமும் அவர் தங்கினார். அந்த அகீகள் செல்வந்தர்கள் அல்லர். பகலெல்லாம் தொழில் செய்து, அஸருக்குப் பின் அன்றைய வருமானத்தைத் தங்கள் தலைவரிடம் கொடுத்து, அதில் உணவு வாங்கிப் பயணிகளுக்குப் பரிமாறிய உழைப்பாளிகள்.

இவ்வழக்கம் ஐரோப்பாவுக்கும் சென்றது. ஃபுந்துக் என்ற சொல்லே இத்தாலியில் 'ஃபொண்டாக்கோ' ஆயிற்று. அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர்களுக்கெனத் தனி ஃபுந்துக் இருந்தது. இரவிலும் ஜும்ஆ நேரத்திலும் அதன் கதவு வெளியிலிருந்து அடைக்கப்பட்டது. வெனிஸ் நகரிலோ, 1621 முதல் உஸ்மானிய முஸ்லிம் வணிகர்கள் தங்குவதற்குப் பெருங்கால்வாயின் கரையில் ஒரு மாளிகை ஒதுக்கப்பட்டது. தொழுகைக்கு ஓர் இடமும் குளியலறையும் அதனுள் இருந்தன. அதன் வாயிலும் இரவில் அடைக்கப்பட்டது. அந்தப் பூட்டில் பாதுகாப்பும் இருந்தது, அந்நியர் மீதான ஐயமும் இருந்தது. சீனத்துச் சத்திரங்களில் மாலையில் ஓர் அதிகாரி வந்து தங்குவோரின் பெயர்களை எழுதிச் சென்று, காலையில் மீண்டும் சரிபார்த்தார் என்று இப்னு பதூதா வியந்து எழுதுகிறார். நாம் இன்று விடுதியின் முகப்பில் அடையாள அட்டையைக் கொடுத்துக் கையொப்பமிடுகிறோம் அல்லவா, அந்த வழக்கம் அத்தனை பழையது.

நம் தமிழ் முஸ்லிம்களுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்தில், பம்பாயில் கிராஃபோர்ட் சந்தைக்கு அருகேயுள்ள ஸாபு ஸித்தீக் முஸாஃபிர்கானா ஹாஜிகளுக்கு நிழலாக இருந்தது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, மேல்விஷாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் அமைத்த ஸித்தீக் சராய், ரயிலிறங்கி வரும் எளியவர்களை எண்ணி எழுந்தது. தோல் வணிகத்தில் பொருள் ஈட்டிய ஒருவர், கெய்ரோவின் ஸுல்தானும் கைஸேரியின் அமைச்சரும் செய்த அதே பணியைத் தம் காலத்தில் செய்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது? தங்குமிடம் தேடும்போது, பள்ளிவாசலுக்கு நடந்து செல்ல முடியுமா என்பதை வாடகைக்கு முன்பே பார்ப்பது நன்று. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டு, ஜும்ஆவும் கடமையில்லை என்பது உண்மைதான். ஆனால் இப்னு ஜுபைர் பள்ளிவாசலின் அருகே தங்கியதால் அவருக்கு அந்த ஊரே கிடைத்தது. நம் பிள்ளைகளும் வேற்று நாட்டு முஸ்லிம்களோடு ஒரே வரிசையில் நிற்பதைவிடச் சிறந்த காட்சி எந்நகரில் உண்டு? அடுத்ததாக, நம் பெண்களும் முதியவர்களும் அச்சமின்றித் தனியே வந்துபோகக்கூடிய தெருவா என்று விசாரிக்க வேண்டும். விடுதியாளர் எந்தச் சமயத்தவராயினும், அவருடைய நாணயத்தையும் கண்ணியத்தையும் பார்ப்பதில் தவறில்லை. அக்காவில் அதைத்தான் கண்டோம். உறவினர் வீட்டில் தங்குவதானால், விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தர்மம், வீட்டாரைச் சங்கடப்படுத்தும் வரை தங்கியிருக்கலாகாது என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் நினைவில் இருக்கட்டும்.

இவற்றைவிடக் கனமான ஒரு கேள்வியும் உண்டு. இன்று பணம் உள்ளவருக்கு ஆயிரம் விடுதிகள். ஆனால் பெரிய மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்த சிற்றூர்க் குடும்பமும், தேர்வெழுதத் தனியே வந்த மாணவியும் எங்கே தங்குவர்? பழைய நகரங்கள் இந்தக் கேள்வியை வக்ஃபுகளிடமும் அகீகளிடமும் ஒப்படைத்திருந்தன. நம் ஊர் ஜமாஅத்துகளின் வக்ஃபுச் சொத்துகளில் பூட்டிக் கிடக்கும் அறைகளும் வெறுமையாக நிற்கும் மாடிகளும் எத்தனை! அவற்றில் இரண்டு அறைகளைத் தூய்மை செய்து வழிப்போக்கருக்குத் திறந்துவைப்பது எந்த ஜமாஅத்துக்கும் இயலாத செயலன்று. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசத் தொடங்கலாம்.

புதிய இடத்தில் இறங்குபவர், அல்லாஹ்வின் முழுமையான வார்த்தைகளைக் கொண்டு அவன் படைத்தவற்றின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடினால், அவ்விடத்தை விட்டுப் புறப்படும் வரை எதுவும் அவருக்குத் தீங்கு செய்யாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அறையின் சாவியைப் பெற்றவுடன் அந்த துஆவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். பயணத்தில் நமக்கு நல்லிடம் அளிக்கவும், பிற பயணிகளுக்கு நல்லிடம் அளிப்போராக நம்மை ஆக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.